கால்பல மீட்பு நிலையம்

அப்பாசாமியின் இடுப்பில் மூட்டை ஒரே ஒரு தரம்தான் விழுந்தது. மற்ற அடிகளெல்லாம் சிகிச்சையின்போது விழுந்தவை.

1983-ஆம் வருஷம், தை மாதம். திருவண்ணாமலையில் ஒரு மண்டி வாசலில் லாரிக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேல் வரிசை சரிந்தது. முதல் மூட்டையைப் பார்த்து அப்பாசாமி விலகிக்கொண்டான். இரண்டாவது மூட்டை அவன் விலகிய இடத்துக்கே வந்தது. குப்புற விழுந்தவனின் கால்கள் இரண்டும் நெருப்பில் வைத்த மாதிரி எரிந்தன. நான்கு பேர் அவனை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி, சன்னதித் தெருவில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஜோதியம்மாளிடம் தூக்கிப் போனார்கள்.

டாக்டர் அவனுடைய கால் கட்டைவிரல்களை மடக்கி, நீட்டி, ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார்.

"எலும்பு உடையலப்பா. முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை இடிக்குது. ரெண்டு மூணு நாள் படு. அதுக்கப்புறம் படுத்தே கெடக்காத, காலு சூம்பிடும். ஆனா காலுக்கு வேலை குடுக்கறேன்னு இடுப்பை வளைச்சியோ, மறுபடியும் இதே பலகையிலதான் வருவே."

அடுத்த வாரம் அவர் கிளினிக்கின் தரையிலேயே ஒரு பாயை விரித்து, வெள்ளைக் கோட்டோடு மல்லாந்து படுத்துச் செய்து காட்டினார். அப்பாசாமியின் மனைவி பொன்னி பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தாள். முதலில் பாதத்தை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பிறகு குதிகாலைத் தரையிலேயே தேய்த்து மெதுவாக உள்ளே இழுத்து, மெதுவாக வெளியே விட வேண்டும். அது பழகிய பிறகு, ஒரு முட்டியை மடக்கி வைத்துக்கொண்டு இன்னொரு காலை நீட்டி, மடக்கிய முட்டியின் உயரத்துக்கு மட்டும் தூக்க வேண்டும். அதற்கு மேல் கூடாது. இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கவே கூடாது. எழுந்திருக்கும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும்.

"மூச்சை அடக்காத, வாய்விட்டு எண்ணு. காலு வேலை செய்யணும், இடுப்பு சும்மா இருக்கணும். அவ்ளோதான். வலி காலுக்கு எறங்குச்சுன்னா அந்த நிமிஷமே நிறுத்திடு. பாதம் மரத்துப்போனாலோ, தூக்க முடியாம தொங்கினாலோ, ஒண்ணுக்குப் போறது சிரமமானாலோ, உடனே வா."

பொன்னி விடவில்லை. காலையில் பத்து, சாயங்காலம் பத்து என்று எண்ண வைத்தாள். பதினொன்றாவது தரம் தூக்கினால் திட்டினாள். ஒன்றரை மாதத்தில் அப்பாசாமி அய்யங்குளம்வரை நடந்துபோய்த் திரும்பினான். மூட்டை தூக்க இன்னும் சில மாதம் ஆகும் என்றும், அதுவரை மண்டியில் சாக்கு தைக்கிற வேலையைச் செய்யலாம் என்றும் டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அடிபட்ட அன்று வாங்கி வைத்துக்கொண்ட அவனுடைய சுமைகூலிப் பித்தளை வில்லையை மண்டியில் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். வில்லை இல்லாதவன் மண்டிக்குள் சாக்கு ஊசியைக்கூடத் தொடக் கூடாது.

"புது ரூல் வந்துக்குதுப்பா. இடுப்புல அடிபட்டவன் கால்பல நிலையத்துல போயி இருபத்தோரு நாள் பயிற்சி எடுத்து, சர்ட்டிபிகேட் வாங்கியாரணும்" என்றார் மண்டிக் கணக்குப்பிள்ளை.

சுமைப்பணியாளர் உடல்மீட்பு வாரியத்தின் கால்பல மீட்பு நிலையம் செங்கம் ரோட்டில் ஒரு பழைய சத்திரத்தில் இருந்தது. பயிற்சிக்கூடம் கீழே. பதிவு அலுவலகம் மாடியில். கைப்பிடி இல்லாத இருபத்திரண்டு கல்படிகள். அப்பாசாமி ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினான். மேலே மேசைக்குப் பின்னால் கண்காணிப்பாளர் கோதண்டராமன் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி வந்தே?"

"படி ஏறித்தான் சார்."

கோதண்டராமன் எழுதினார்: 'விண்ணப்பதாரர் படியேறும் நிலையில் உள்ளார். நோய் சந்தேகத்துக்குரியது.' எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார்.

"ஏற முடியாம இருந்தா சார்?"

"ஏற முடியலன்னா நீ வரலன்னு அர்த்தம். வராதவனை எப்படிப்பா பதிவு பண்றது?"

அப்பாசாமி டாக்டரின் சீட்டை நீட்டினான். அதைப் படித்த கோதண்டராமனின் முகம் கறுத்தது.

"காலு வேலை செய்யணும், இடுப்பு சும்மா இருக்கணும்னு எழுதிக்கிறாங்க. இன்னா, ஆபீஸ்ல உக்காந்துக்கினு இருக்கிறவங்களைக் கிண்டலா?"

"இல்ல சார், அது எனக்குச் சொன்னது."

"கேட்டுக்கோ. இடுப்புன்றது உன் சொந்தச் சொத்து. காலு சமுதாயத்தோட சொத்து. காலு இல்லன்னா மூட்டை நகராது, மூட்டை நகரலன்னா நாடு நகராது. அதனால வாரியம் காலுக்குத்தான் பொறுப்பு. இடுப்பு எங்க வரம்புக்குள்ளயே வராது. அதுக்கு இன்னா ஆனாலும் இங்க வந்து சொல்லாத, எழுதறதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல."

சீட்டை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆடுவது நின்றது. நிலையத்தில் நிலைப்படுத்தப்பட்ட முதல் கால் அதுதான்.

பயிற்சியாளர் பலராமன் ஆறடி உயரம். இதற்கு முன்னால் பதினான்கு வருஷம், பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற கால்நடைப் பட்டியில் வேலை பார்த்தவர். வாரியம் தொடங்கியபோது, காலிலும் நடையிலும் அனுபவமுள்ள ஊழியர் தேவை என்று மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. 'கால்நடையில் பதினான்கு வருட அனுபவம்' என்று இருந்த ஒரே ஊழியர் பலராமன்தான். அவர் வரும்போது பட்டியிலிருந்து பிரம்பையும் கொண்டுவந்துவிட்டார்.

கூடத்தின் சுவரில் தரையிலிருந்து மூன்றேகால் அடி உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. மல்லாந்து படுத்து, பிருஷ்டம் சுவரில் படிய, இரண்டு கால்களையும் சேர்த்து நேராகத் தூக்கி, குதிகாலால் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். ஐம்பது எண்ணும்வரை நிறுத்த வேண்டும். எல்லோருக்கும் ஒரே கோடு. கால் நீளம் ஆளுக்கு ஆள் மாறும் என்பது மெட்ராஸுக்கு எட்டவில்லை. கோட்டை எட்டாதவர்களுக்கென்று உத்தரத்தில் ஒரு கப்பி தொங்கியது. சத்திரத்துக் கிணற்றிலிருந்து கழற்றிய தண்ணீர்க் கப்பிதான். அதன் கயிற்றின் ஒரு முனையை நோயாளியின் கணுக்காலில் கட்டுவார்கள். மறுமுனையில் தராசின் எடைக்கற்கள்.

பாயில் அப்பாசாமியோடு சேர்த்துப் பதினோரு பேர் வரிசையாகக் கிடந்தார்கள். அப்பாசாமிக்கு அடுத்த பாய் சின்னசாமியுடையது. மலைக்குப் பின்னாலுள்ள அடி அண்ணாமலை கிராமத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது. நாற்பது வருஷம் அரிசி மூட்டை சுமந்தவர். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றுவார்.

"தூக்கு!" என்றார் பலராமன்.

அப்பாசாமி ஒரு முட்டியை மடக்கி, மற்றக் காலை அந்த முட்டியின் உயரத்துக்குத் தூக்கினான். வாய்விட்டு எண்ணினான். மூன்று என்று சொல்லும்போது பிரம்பு முழங்காலில் விழுந்தது.

"ரெண்டு காலு இருக்கிறப்ப இன்னாடா ஒத்தக் காலு?"

"டாக்டரம்மா அப்டித்தான் சார் சொன்னாங்க."

இரண்டாவது அடி பாதத்தில் விழுந்தது. மூன்றாவது, மடக்கியிருந்த முட்டியில். பிறகு பலராமன் இரண்டு கணுக்கால்களையும் ஒன்றாகப் பிடித்துச் சுவரோடு சுவராக ஏற்றினார். அப்பாசாமியின் இடுப்பில் யாரோ கடப்பாரையை விட்டுத் திருகுவதுபோல் இருந்தது. எரிச்சல் தொடை வழியாகக் குதிகால்வரை ஓடியது.

"சார், வலி காலுக்கு எறங்குது!"

"அதுக்குத்தானேடா இந்த நிலையமே. காலுக்குப் பலம் எறங்குது."

அன்றைக்கு அவன் முப்பத்தொரு அடி வாங்கினான். சின்னசாமி இருபத்தாறு. வலது ஓரத்தில் படுத்திருந்தவர் வாந்தி எடுத்தார். அதற்குத் தனியாக நான்கு.

சாயங்காலம் பொன்னி அவனுடைய கால்களைப் பார்த்தாள். முட்டிக்குக் கீழே வரி வரியாகக் கன்றியிருந்தது. மறுநாள் காலையில் டாக்டரிடம் போய் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, இருபத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறினாள்.

"இன்னா சார், நீங்க வைத்தியம் பாக்கறீங்களா, மாடு அடிக்கறீங்களா? டாக்டரம்மா எழுதிக்கிறாங்க பாருங்க. ரெண்டு காலையும் சேத்துத் தூக்கினா நரம்பு போயிடுமாம்."

கோதண்டராமன் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் பொறுமையாகப் பதில் சொன்னார். "இந்தாம்மா, டாக்டர் பாக்கறது உடம்பை. நாங்க பாக்கறது விதியை. உடம்பு ஆளுக்கு ஆள் மாறும், இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. விதி அப்படி மாறாது. எதை நம்பி ஒரு ஆபீஸை நடத்த முடியும், நீயே சொல்லு."

"அவருக்கு அந்த வில்லையைக் குடுத்துடுங்க சார். நாங்க வீட்லயே பாத்துக்கறோம்."

"வீட்ல குணமாகறது அனுமதியில்லாத குணம். செல்லாது."

கீழே அதற்குள் பயிற்சி தொடங்கிவிட்டது. அப்பாசாமியின் அலறல் படிவழியாக மேலே வந்தது. பொன்னி ஓடி இறங்கினாள். கூடத்தின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் கதவை உதைத்தாள். கத்தினாள். உதைத்ததில் அவள் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்த பலராமன், "பொம்பளைங்களுக்குத் தனிப் பிரிவு வரப்போவுது, அப்ப வாம்மா" என்று சொல்லிச் சன்னலைச் சாத்தினார்.

போகாமல் இருந்துவிடலாம் என்று அப்பாசாமி யோசித்தான். வில்லை இல்லை என்றால் வேலை இல்லை. இருபத்தோரு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனான். வீட்டில் பொன்னி எண்ண எண்ணக் கால்களை மெதுவாக நகர்த்திச் சரிசெய்துகொள்வான். மறுநாள் நிலையத்தில் அதை உடைப்பார்கள். சாயங்காலம் திரும்பச் சரிசெய்வான்.

பதினேழாம் நாள், வேலூரிலிருந்து துணை இயக்குநர் ஆய்வுக்கு வருகிறார் என்று தந்தி வந்தது. இன்னும் இரண்டே நாள். இருபத்திரண்டு குதிகால்களில் ஒன்பதுதான் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தன. கோதண்டராமன் முதல்முறையாகக் கீழே இறங்கி வந்தார்.

"எல்லாம் தொடணும் பலராமன். தொடாத காலு ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

மறுநாளும் சின்னசாமியின் வலது கால் கோட்டுக்கு நான்கு விரல் கீழேயே நின்றது. பலராமன் அதில் கயிற்றைக் கட்டினார். கல்லை மட்டும் தொங்கவிட்டது போதவில்லை. "அப்பாசாமி, எந்திரிடா. கயிறைப் புடி. கயிறு புடிக்கிறவனுக்கு இன்னிக்கு அடி கிடையாது" என்றார்.

அப்பாசாமியின் கால்களில் அடிபடாத இடம் அன்றைக்கு எதுவும் மிச்சமில்லை. அவன் எழுந்து கயிற்றைப் பிடித்தான்.

"மெதுவாப்பா" என்றார் சின்னசாமி.

அவன் ஒரு பிடி இழுத்தான். பலராமன் ஐந்து கிலோக் கல்லைச் சேர்த்தார். இன்னொரு பிடி. இன்னொரு கல். சின்னசாமி சிரிக்க முயன்றார். பிறகு அவருடைய வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அப்பாசாமி கையைத் தளர்த்தினான். பிரம்பு அவனுடைய முதுகுக்கு அருகே காற்றைக் கிழித்தது. அவன் மூன்றாவது பிடியையும் இழுத்தான்.

துணி கிழிவது மாதிரி ஒரு சத்தம். சின்னசாமி அலறிய அலறலில் சத்திரத்து உத்தரத்திலிருந்த புறாக்கள் சன்னலில் மோதிக்கொண்டு பறந்தன. அவருடைய வேட்டி நனைந்தது. குதிகால் கோட்டைத் தொட்டது.

"தொட்டுடுச்சு சார்!" என்று பலராமன் மாடியைப் பார்த்துக் கத்தினார்.

கயிற்றை அவிழ்த்ததும் சின்னசாமியின் வலது பாதம் அறுந்த செருப்புபோல் தொங்கியது. அவர் அதைத் தூக்கப் பார்த்தார். கையால் எடுத்து வைத்துப் பார்த்தார். அது நிற்கவில்லை. கோதண்டராமன் பதிவேட்டில் எழுதினார்: 'பயிற்சி பெறுபவர் எண் 7. கோடு தொடப்பட்டது. வலது பாதம் பூரண ஓய்வு நிலையை அடைந்துள்ளது.'

அவரை மாட்டு வண்டியில் போட்டு டாக்டர் ஜோதியம்மாளிடம் கொண்டுபோனார்கள். டாக்டர் ஊசி முனையால் அந்தப் பாதத்தைத் தொட்டார். சின்னசாமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்த பெரிய டாக்டர், உயிருக்கு ஆபத்தில்லை, பாதம் திரும்பி வருவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

கயிறு இழுத்த அன்று வீட்டில் அப்பாசாமி பயிற்சி செய்ய மறுத்தான்.

"இந்தக் கையாலதான் இழுத்தேன் பொன்னி."

"உன்னை அடிச்சாங்க, இழுத்தே."

"இழுக்கறப்ப அடிக்கல. அடிப்பாங்கன்னு இழுத்தேன்."

பொன்னி பாயை விரித்து, "படு. பத்து எண்ணு" என்றாள்.

துணை இயக்குநர் சகாதேவன் மறுநாள் காலை ஜீப்பில் வந்து இறங்கினார். கூடத்தின் நடுவில் அவருக்கு ஒரு மேடை போட்டு, நாற்காலி வைத்து, மாலை போட்டார்கள். சின்னசாமியின் பாய் காலியாக இருந்தால் கணக்கு இடிக்கும் என்று அதில் நிலையத்தின் காவலாளியைப் படுக்க வைத்திருந்தார்கள்.

"மெட்ராஸ்ல பெரியவங்க கேக்கறது ஒரே கேள்விதான்" என்று சகாதேவன் பேசத் தொடங்கினார். "எத்தனை குதிகால் கோட்டைத் தொட்டுது? மனுஷன் நடக்கறானா இல்லையான்றது அவனோட சொந்த விஷயம், அதுல அரசாங்கம் தலையிடாது. போன வருஷம் இந்த மாவட்டத்துல நூத்துக்கு நாப்பது. இந்த வருஷம் நூத்துக்கு நூறு. இதை அடைய நாம எவ்வளவு வலியைத் தாங்கியிருக்கோம்னு யாருக்குத் தெரியும்? எனக்கே ராத்திரியில தூக்கம் வரதில்ல."

கைதட்டினார்கள். பலராமன் கயிற்றோடு அப்பாசாமியின் பாய்க்கு வந்தார். வலது கணுக்காலில் கயிற்றைச் சுற்றினார்.

"வேணாம் சார்" என்றான் அப்பாசாமி.

"காட்டுடா."

"சொல்றேன், வேணாம் சார்."

பலராமன் முடிச்சுப் போடக் குனிந்தார். அப்பாசாமியின் இடது முட்டி மடங்கியே இருந்தது. இடுப்பு பாயில் அழுந்தியிருந்தது. மூச்சை அடக்கவில்லை. ஒன்று என்று வாய்விட்டு எண்ணினான். மடங்கிய கால் நீண்டது. குதிகால் பலராமனின் தாடையில் போய் நின்றது.

மூன்று பற்கள் சகாதேவனின் மேடைவரை போயின. பலராமன் வாயில் ரத்தத்தோடு எழுந்து பிரம்பைச் சுழற்றினார். அப்பாசாமியின் மூக்கு உடைந்தது. இரண்டாவது வீச்சில் புருவம் கிழிந்தது. மூன்றாவது வீச்சுக்குக் கையை ஓங்கியபோது மறுபக்கத்துப் பாயிலிருந்து ஒரு கால் அவருடைய முழங்காலின் பின்பக்கம் விழுந்தது. அவர் சரிந்தார். சரிந்த இடம் பாய்களின் நடுவே.

அங்கே கிடந்த யாராலும் குனிய முடியாது, நிமிர முடியாது, கையை ஓங்கித் திரும்ப முடியாது. ஆகவே எல்லோரும் படுத்த வாக்கிலேயே உதைத்தார்கள். பலராமன் ஒரு பாயிலிருந்து உதைபட்டு அடுத்த பாய்க்குப் போனார், அங்கே உதைபட்டு அதற்கடுத்த பாய்க்குப் போனார். விலா எலும்பு முறிந்தது கூடம் முழுக்கக் கேட்டது. சின்னசாமியின் பாயில் படுத்திருந்த காவலாளியும், தனக்கு இடுப்பு வலி இல்லாத போதிலும், வரிசை முறையை மதித்து இரண்டு உதை விட்டார். தடுக்க ஓடிவந்த கோதண்டராமன் கயிற்றில் கால் சிக்கி விழுந்தார். எடைக்கல் ஒன்று உருண்டு அவருடைய கைவிரல்களின் மேல் நின்றது.

சகாதேவன் நாற்காலியின் மேல் ஏறி நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. முதல் நாள், இது கொலை முயற்சி என்று எழுதினார்கள். இரண்டாம் நாள், துணை இயக்குநர் ஆய்வு செய்துகொண்டிருக்கும்போதே கொலை முயற்சி நடந்தது என்றால் துணை இயக்குநர்தான் விளக்கம் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பது தெரிந்தது. மூன்றாம் நாள் சகாதேவன் அப்பாசாமியைக் கூப்பிட்டார். அவனுடைய மூக்கில் பஞ்சு வைத்திருந்தது.

"நீ உதைச்சதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, நீ ரௌடி. இன்னொண்ணு, உன் காலு குணமாயிடுச்சு. நீ ரௌடின்னா நிலையத்துக்குக் கெட்ட பேரு. குணமாயிட்டேன்னா நல்ல பேரு. நான் யோசிச்சு, நீ குணமாயிட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப வில்லை சார்?"

"அவசரப்படாத. பலராமன் ஆஸ்பத்திரியில இருக்கார். பயிற்சியாளர் இடம் காலி. இடம் காலியா இருந்தா ஆள் தேவையில்லன்னு மெட்ராஸ்ல அதை எடுத்துடுவாங்க. இந்த நிலையத்துலயே ஜாஸ்தி பலம் உள்ள காலு உன்னுதுதான்னு என் கண்ணால பாத்தேன். அவர் வர வரைக்கும் நீ நடத்து."

அப்பாசாமி முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். கீழே கூடத்தில் புதிதாக வந்திருந்த மூன்று பேர் சுவரோரம் நின்று சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை வரும்போது கவனித்திருந்தான். சரி என்றான்.

முதல் வேலையாகக் கப்பியைக் கழற்றிக் கிணற்றில் மாட்டினான். பாய்களைச் சுவரிலிருந்து நகர்த்தினான். தினமும் காலையில் டாக்டர் ஜோதியம்மாளிடம் போய், யாருக்கு எது, எத்தனை தரம் என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். பாதத்தை அசைக்கச் சொன்னான். குதிகாலைத் தேய்த்து இழுக்கச் சொன்னான். முட்டி உயரத்துக்கு மேல் தூக்கியவர்களைக் கெஞ்சி இறக்க வைத்தான். வலி காலுக்கு இறங்குகிறது என்றால் அன்றைக்கு அவருக்கு லீவு.

இரண்டாவது வாரம் சின்னசாமி வந்தார். தடியை ஊன்றி, வலது காலை இடுப்பிலிருந்து தூக்கித் தூக்கி வைத்து வந்தார். அப்பாசாமி அவர் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பாதத்தையே பார்த்தான்.

"இன்னா பாக்கறே? இன்னொரு காலு இருக்குதில்ல, அதுக்குப் பயிற்சி குடு" என்றார் சின்னசாமி.

"நான்தான் இழுத்தேன் பெரியவரே."

"தெரியும்." அவர் தடியைச் சுவரில் சாத்தினார். "எந்தப் பாயி?"

அப்பாசாமி அவரை மல்லாத்திப் படுக்க வைத்து, தொங்கிய பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்தி மேலும் கீழும் அசைத்தான். தினமும் நூறு தரம். அந்தப் பாதம் ஒருநாளும் தானாக அசையவில்லை.

இரண்டு மாதத்தில் நான்கு பேர் நிமிர்ந்து நடந்துபோனார்கள். அவர்களுடைய இடங்களுக்குப் புதிதாக நான்கு பேர் வந்தார்கள். கோதண்டராமனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. விரல்களில் கட்டோடு பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு, "எழுதறதுக்கு ஒண்ணுமே நடக்கலியேப்பா" என்றார். அவர் எழுதிய அறிக்கை வெறுமையாக வேலூருக்குப் போயிற்று. சகாதேவன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கூடம் அமைதியாக இருந்தது. பாய்களில் ஆட்கள் மல்லாந்து கிடந்தார்கள். குதிகால்கள் தரையில் உரசும் சத்தமும், நான்கு, ஐந்து என்று முணுமுணுக்கும் சத்தமும்தான் கேட்டன.

"இன்னா இது, சாவு வீடா? தூங்கறாங்களா எல்லாரும்?"

"பயிற்சி பண்றாங்க சார்."

"பயிற்சியா? மத்த ஊர்ல எல்லாம் நான் தெருமுனையில வரப்பவே சத்தம் கேக்கும். ஜீப் டிரைவர் காதைப் பொத்திப்பான். இங்க சத்தமே இல்லன்னா சிகிச்சை நடக்குதுன்னு நான் எப்படி எழுத முடியும்? பலராமன் உடம்பு தேறிட்டார். நாளைக்கே வந்து பொறுப்பு ஏத்துக்கச் சொல்றேன்."

புதிதாக வந்த நான்கு பேரும் அப்பாசாமியைப் பார்த்தார்கள்.

அப்பாசாமி நெற்றியைத் துடைத்தான். "இனிமேத்தான் சார் முக்கியமான பயிற்சி. நீங்க வந்ததும் ஆரம்பிக்கலாம்னு வெச்சிருந்தோம்" என்றான். பாய்களுக்கு நடுவே போய் நின்று, எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "காலை அப்டியே மெதுவா நகத்துங்க. இடுப்பு அசையக் கூடாது. வாய் மட்டும்" என்றான். பிறகு உரக்க, "ஆரம்பிங்க!" என்றான்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. முதலில் வாசலோரம் படுத்திருந்தவர் கத்தினார். அடுத்தவர் அதைவிடப் பெரிதாகக் கத்தினார். பிறகு அத்தனை பேரும் அம்மா என்றும் ஐயோ என்றும் கொல்றாங்களே என்றும் தொண்டை கிழியக் கத்தினார்கள். பாய்களில் குதிகால்கள் நிதானமாக உள்ளே போய், நிதானமாக வெளியே வந்தன. செங்கம் ரோட்டில் போன பஸ் ஒன்று நின்றுவிட்டது. கோதண்டராமன் மாடியில் பேனாவைத் தேடினார்.

சகாதேவனின் முகம் மலர்ந்தது. போதும் என்று கையை உயர்த்தினார். எல்லோரும் நிறுத்தினார்கள்.

சின்னசாமி நிறுத்தவில்லை. அவருடைய கால் நகரவில்லை. கண்களை மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பாயைப் பற்றிக்கொண்டு கத்தினார். மூச்சு தீர்ந்ததும் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் கத்தினார். பக்கத்துப் பாயில் கிடந்தவர் சிரித்துக்கொண்டே அவரைத் தட்டினார். பிறகு அவருடைய சிரிப்பும் நின்றது.

"அந்தப் பெரியவர் நல்லா ஒத்துழைக்கிறார்" என்றார் சகாதேவன். குறிப்பேட்டில் 'மிக நிறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பலராமன் பட்டிக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கிளம்பிப் போன பிறகும் சின்னசாமி கத்திக்கொண்டிருந்தார். அப்பாசாமி ஒருக்களித்து, கையை ஊன்றி, மெதுவாக அவருடைய காலடியில் உட்கார்ந்தான். அந்தப் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவரை நிறுத்தச் சொல்லவில்லை.